இரண்டு பாட்டுகளுக்கு நடுவே ஆறு விநாடி: பழைய வானொலி ஜிங்கிள்கள் உருவான விதமும் ஒலித்த விதமும்

1960களின் அமெரிக்க வானொலிப் பதிவுகளைப் புதிதாகக் கேட்பவர்களுக்கு மூன்று விஷயங்கள் பிடிபடுவதில்லை. நியூயார்க் நிலையத்தின் பெயரைப் பாடிய அதே மெட்டு, இங்கிலாந்துக் கடலோரத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பல் வானொலியிலும் கேட்கிறது. நன்றாகத் தெரிந்த பாட்டு ஒன்று, கையிலிருக்கும் இசைத்தட்டைவிடச் சற்றே சுருதி ஏறி ஓடுகிறது. இன்னும் சில பதிவுகளில் பாட்டு தொடங்கிய சில விநாடிகளிலேயே அறுந்து, அதன் முடிவுக்குத் தாவிவிடுகிறது.

இவை மூன்றும் தற்செயலானவை அல்ல. அந்தக் காலத்து ஜிங்கிள், அலங்காரத்துக்காகச் சேர்த்த ஒலி அல்ல. ஒரு இசைத்தட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கதவுக் கீல் போல வேலை செய்த பாகம் அது. அந்தப் பாகத்தின் நீளம், வேகம், சுருதி எல்லாவற்றையும் தீர்மானித்தது இசைத்தட்டுதான். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு புரியும்.

முதலில் சில சொற்கள்

1. சிங்கிள்: பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட 7 அங்குல இசைத்தட்டு. நிமிடத்துக்கு 45 சுற்று. ஆர்சிஏ விக்டர் நிறுவனம் 1949-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது.
2. அழைப்பெழுத்து: அமெரிக்க நிலையங்களுக்கு அரசு ஒதுக்கும் பெயர். மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே பெரும்பாலும் 'கே' என்றும், கிழக்கே 'டபிள்யூ' என்றும் தொடங்கும்.
3. ஜிங்கிள்: இந்தக் கட்டுரையில் விளம்பரப் பாட்டைக் குறிக்கவில்லை. நிலையத்தின் பெயரையும் அலைவரிசையையும் குழுவாகப் பாடும் சிறு துண்டு மட்டுமே.
4. லோகோ: பெயரைப் பாடும் நிரந்தர மெட்டு. ஜிங்கிள்கள் மாறினாலும் இது மாறாது.
5. கட், பேக்கேஜ்: ஒரு ஜிங்கிள் என்பது ஒரு 'கட்'. ஒரே பாணியில் அமைந்த கட்களின் தொகுப்பு 'பேக்கேஜ்'.
6. ஏர்செக்: ஒலிபரப்பானதை அப்படியே பதிவுசெய்த நாடா. இன்று நாம் கேட்கும் பழைய வானொலியெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சிங்கிளின் நீளம் எங்கிருந்து வந்தது

45 சுற்றுத் தட்டில் பாட்டு பதியக்கூடிய வளையத்தின் அகலம் ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். மூன்று நிமிடப் பாட்டுக்கு தட்டு 135 முறை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு சுற்றுப் பள்ளத்துக்குக் கிடைக்கும் இடம் சராசரியாக 0.22 மில்லிமீட்டர். அதே தட்டில் நாலரை நிமிடப் பாட்டை வெட்டினால் அது 0.15 மில்லிமீட்டராகச் சுருங்கும். ஒலி உரக்க இருந்தால் பள்ளம் பக்கவாட்டில் அதிகம் அலையும். அலைய இடமில்லாவிட்டால் ஒலியைத் தணிக்க வேண்டும், அல்லது கீழ்ச்சுருதி ஒலிகளை வெட்ட வேண்டும். உரத்து ஒலிக்கும் தட்டு வேண்டுமென்றால் பாட்டு குறுகியதாக இருக்க வேண்டும் என்பது இயற்பியல் விதித்த கட்டாயம்.

வானொலிக்கும் அது தோதாக அமைந்தது. ஒமாஹாவில் கேஓடபிள்யூஎச் நிலையத்தை நடத்திய டாட் ஸ்டோர்ஸும், டல்லாஸில் கேஎல்ஐஎஃப்பை நடத்திய கார்டன் மெக்லெண்டனும் 1950களில் வளர்த்தெடுத்த 'டாப் 40' முறை, சிறு பட்டியலிலுள்ள பாட்டுகளைத் திரும்பத் திரும்பப் போடுவது. பாட்டு குறுகியதாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் அதிகப் பாட்டு, அதிக விளம்பரம். மூன்று நிமிடத்தைத் தாண்டிய தட்டை நிலையங்கள் தயக்கத்தோடுதான் எடுத்தன. அதனால் தயாரிப்பாளர்கள் தந்திரமும் செய்தார்கள். ரைச்சஸ் பிரதர்ஸ் பாடி 1964-ல் வெளிவந்த 'யூவ் லாஸ்ட் தட் லவ்வின் ஃபீலிங்' உண்மையில் 3 நிமிடம் 45 விநாடியை ஒட்டி ஓடும். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர் லேபிளில் 3:05 என்று அச்சிட வைத்தார்.

பாட்டின் ஒலிக்கலவையும் இப்படியே வானொலிக்கு வளைந்தது. மத்திய அலைக் காரேடியோவில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வராது. கீழ்ச்சுருதியும் மெலிந்துவிடும். டெட்ராய்ட்டின் மோட்டவுன் நிறுவனம் தன் கலவைகளைச் சிறிய, கார் ரேடியோ போன்ற ஒலிபெருக்கியில் போட்டுச் சோதித்தது அதனால்தான். ஜிங்கிள் தயாரித்தவர்களும் அந்தக் குறுகிய வெளிக்குள்தான் வேலை செய்தார்கள். நெருக்கமாக அடுக்கிய குரல்கள், கூர்மையான பித்தளைக் குழல்கள், சுருக்கென்ற முரசு. நல்ல ஒலிபெருக்கியில் இன்று கேட்டால் காதைக் குத்துவதுபோல் தோன்றும் அந்த ஒலி, அன்றைய கார் ரேடியோவில் சரியாக உட்கார்ந்தது.

பெயரை ஏன் பாட வேண்டும்

சட்டப்படி ஒவ்வொரு நிலையமும் மணிக்கு ஒரு முறையாவது அழைப்பெழுத்தையும் ஊர்ப் பெயரையும் சொல்ல வேண்டும். ஆனால் மணிக்குப் பத்து முறைக்கு மேல் பாடியதற்கு அது காரணமல்ல. உண்மையான காரணம் நேயர் கணக்கெடுப்பு. தொலைபேசியில் அழைத்து 'எந்த நிலையம் கேட்கிறீர்கள்' என்றார்கள். பிறகு கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார்கள். இரண்டிலுமே நேயருக்குப் பெயர் நினைவில் நிற்க வேண்டும். கேட்டது உங்கள் நிலையமாகவே இருந்தாலும், அவர் வேறு பெயரை எழுதிவிட்டால் விளம்பர வருமானம் அங்கே போய்விடும். பேசிய பெயரைவிட மெட்டோடு வந்த பெயர் நினைவில் ஒட்டும்.

இதில் அசைக்கணக்கு முக்கியம். ஆங்கில உச்சரிப்பில் 'டபிள்யூ' என்ற ஒரே எழுத்து மூன்று அசை. நியூயார்க்கின் டபிள்யூஏபிசிக்கு ஆறு அசை. முன்னால் 'செவன்டி செவன்' சேர்ந்தால் மொத்தம் பதினொன்று. லாஸ் ஏஞ்சலஸின் கேஎச்ஜேக்கு மூன்றே அசை. கேஎல்ஐஎஃப்பை ஒரே சொல்லாக 'கிளிஃப்' என்றே உச்சரித்தார்கள், ஒரே அசை. பதினொரு அசையில் ஒரு முழு மெட்டே கட்டலாம். ஒரு அசைக்கு முன்னும் பின்னும் வேறு சொற்களை நிரப்ப வேண்டும். ஒரு நிலையத்துக்கு அழகாக அமைந்த ஜிங்கிள் இன்னொன்றுக்கு நெருடலாக வருவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

ஒரு டிராக், பல ஊர்

கேஎல்ஐஎஃப்பில் பணியாற்றிய பில் மீக்ஸ் 1951-ல் டல்லாஸில் தொடங்கிய பாம்ஸ் நிறுவனம்தான் இத்தொழிலின் மையம். முதல் குழப்பத்துக்கு விடை அதன் வேலைமுறையில் இருக்கிறது.

1. இசைக்குழுவை வைத்துப் பாடல் இல்லாத பின்னணி இசையைப் பதிவுசெய்வார்கள். இதுதான் டிராக். செலவு மிகுந்த கட்டம் இது. ஒரு முறைதான் நடக்கும்.
2. ஒரு நிலையத்தின் பெயரைப் பாடிய மாதிரித் தொகுப்பை மற்ற நிலையங்களுக்கு அனுப்புவார்கள்.
3. வாங்கும் நிலையம் தன் அழைப்பெழுத்து, அலைவரிசை, முழக்கம், அறிவிப்பாளர் பெயர்களைக் கொடுக்கும்.
4. பாடகர் குழு அதே டிராக்கைக் காதில் கேட்டபடி புதுச் சொற்களைப் பாடும். அசை கூடினால் ஸ்வரத்தைப் பிளப்பார்கள்; குறைந்தால் ஒரு அசையை இரண்டு ஸ்வரங்களுக்கு நீட்டுவார்கள். நிலையத்துக்கு லோகோ இருந்தால் கடைசி வரி அந்த மெட்டுக்கு மாறும்.
5. குரலையும் டிராக்கையும் கலந்து, முதன்மை நாடாவை அனுப்புவார்கள்.

ஒரு நகரில் ஒரு நிலையத்துக்குத்தான் ஒரு பேக்கேஜை விற்பார்கள். அதனால் உள்ளூர் நேயருக்கு அது தனித்த அடையாளம். ஊர்விட்டு ஊர் காரோட்டிப் போகிறவருக்குத்தான் ஒரே டிராக் வேறு பெயரில் கேட்கும். இன்று நாம் எல்லா ஊர்ப் பதிவுகளையும் ஒரே இடத்தில் அடுக்கிக் கேட்பதால் அது விசித்திரமாகத் தெரிகிறது.

பேக்கேஜுக்கு எண் வைப்பது பாம்ஸின் வழக்கம். 18ஆம் தொகுப்பில் புகழ்பெற்றது சோனோவாக்ஸ் என்ற கருவி. கில்பர்ட் ரைட் கண்டுபிடித்த இக்கருவியில் இரண்டு சிறு ஒலிப்பான்கள் உண்டு. அவற்றைத் தொண்டையின் இருபுறமும் அழுத்திப் பிடித்து, அவற்றின் வழியே ஓர் இசைக்கருவியின் ஒலியை விடுவார்கள். பிடித்திருப்பவர் தன் குரலை எழுப்பாமல் வாயை மட்டும் அசைப்பார். வாய் வெளியிடும் ஒலியில் இசைக்கருவியே பேசுவதுபோல் சொல் உருவாகும். பழக்கமில்லாதவர் செய்தால் இரண்டு இடங்களில் தவறும்: தன்னையறியாமல் குரல் கொடுத்துவிடுவார்; அல்லது வாயசைவு மிதமாகிச் சொல் குழம்பும். பேசுவதைவிட மிகைப்படுத்தி அசைத்தால்தான் எழுத்து தெளியும்.

கீல் வேலை செய்யும் விதம்

ஒரு பாட்டு மெதுவானது, அடுத்தது வேகமானது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் நேரே ஒட்டினால் தடுக்கும். இதற்காகவே பேக்கேஜில் மெதுவாகத் தொடங்கி வேகமாக முடியும் கட், வேகமாகத் தொடங்கி மெதுவாக அடங்கும் கட் என்று இரண்டு வகையும் இருக்கும். ஒன்றிரண்டு விநாடியில் பெயரை மட்டும் வீசும் 'ஷாட்கன்', செய்திக்கு முன்னால் ஒன்று, வானிலைக்கு ஒன்று, அறிவிப்பாளர் பெயரோடு ஒன்று என்று மற்றவை.

அறிவிப்பாளர் கையில் நடப்பது இது:

1. அடுத்த தட்டை வைத்து, முதல் ஒலி வரும் இடத்தை ஹெட்ஃபோனில் கேட்டுக் கண்டுபிடித்து, தட்டைக் கையால் பின்னோக்கிக் கால் சுற்று திருப்பி நிறுத்துவார். 45 தட்டு விநாடிக்கு முக்கால் சுற்று ஓடும். கால் சுற்று என்பது விநாடியில் மூன்றில் ஒரு பங்கு. டர்ன்டேபிள் முழு வேகத்தை எட்ட இந்த அவகாசம் வேண்டும். குறைவாகத் திருப்பினால் முதல் சொல் இழுபட்டு ஏறும். அதிகம் திருப்பினால் மௌனம் விழும்.
2. ஓடும் பாட்டு தேய்ந்து மறையத் தொடங்கும்போது ஜிங்கிளை அழுத்துவார். அந்தக் காலத்துச் சிங்கிள்கள் பலவும் தேய்ந்து முடிவது இதற்கு மிக வசதி. எந்த இடத்தில் விட்டாலும் காயம் தெரியாது.
3. ஜிங்கிளின் கடைசி ஸ்வரம் அடங்குவதற்குச் சற்று முன் டர்ன்டேபிளை ஓட்டுவார். பாட்டின் முதல் அடி, ஜிங்கிளின் வால்மேல் விழ வேண்டும்.
4. பாட்டின் முன்னிசைமேல் பேசி, பாடகர் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன் நிறுத்துவார். இதற்காக உறையிலோ லேபிளிலோ '12 / 2:38 / ஃபேட்' என்பதுபோல் எழுதி வைப்பார்கள்: முன்னிசை 12 விநாடி, மொத்தம் 2 நிமிடம் 38 விநாடி, தேய்ந்து முடியும்.

முதல் படிக்கு ஒரு விலை உண்டு. முள் முன்னும் பின்னும் உரசுவதால் தட்டின் முதல் விநாடி தேய்ந்து, 'ஷ்ஷ்' என்ற இரைச்சல் வந்துவிடும். வானொலி நிலையத்திலிருந்து வந்த பழைய சிங்கிளை வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. மீதிப் பாட்டு பளிச்சென்று இருந்தாலும் தொடக்கம் மட்டும் வெளுத்திருக்கும்.

பெரிய சிக்கல் சுருதி மோதல். ஜிங்கிள் முடியும் ஸ்வரமும் பாட்டு தொடங்கும் ஸ்வரமும் அரைச்சுருதி தள்ளி இருந்தால் புளித்துப்போகும். தேர்ந்த அறிவிப்பாளர் எந்தக் கட்டுக்குப் பின் எந்தத் தட்டு சேரும் என்று காதிலேயே வைத்திருந்தார். சேராத இடத்தில் ஜிங்கிளுக்கும் பாட்டுக்கும் நடுவே ஒரு சொல் பேசி மறைப்பார். டபிள்யூஏபிசி தன் ஒலி முழுவதிலும் எதிரொலி கலந்து அனுப்பியது. ஜிங்கிளும் பேச்சும் பாட்டும் ஒரே கூடத்தில் நடப்பதுபோல் அது ஒட்டவைத்தது. அந்த நிலையத்தின் ஒட்டுச் சுத்தமாகத் தோன்றியதில் இதற்கும் பங்குண்டு என்றே சொல்வேன்.

கேஎச்ஜே வேறு வழி கண்டது. 1965-ல் பில் டிரேக் வகுத்த 'பாஸ் ரேடியோ' பாணியில், ஜானி மான் பாடகர்கள் பாடிய ஜிங்கிள்களுக்குப் பின்னணி இசையே கிடையாது. வெறும் குரல், ஒன்றிரண்டு விநாடி. தாளக் கருவி இல்லாததால் வேகம் மோதவில்லை. குறுகியதாக இருந்ததால் சுருதி மோதுவது உறைப்பதற்குள் பாட்டு வந்துவிடும். இசையின் செழுமை டல்லாஸ் பாணியில்தான். ஓட்டத்தின் வேகத்தில் டிரேக் பாணியை மிஞ்ச முடியாது.

கார்ட்: பொத்தானை அழுத்தியதும் ஒலிக்க வைத்தது

ஜிங்கிளைத் தட்டிலோ சுருள்நாடாவிலோ வைத்து மணிக்கு இருபது முறை தேடிப் பிடிக்க முடியாது. 1950களின் இறுதியில் வந்த கார்ட்ரிட்ஜ் (சுருக்கமாகக் கார்ட்) இயந்திரம் அதைத் தீர்த்தது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் கால் அங்குல நாடா முடிவில்லா வளையமாகச் சுற்றியிருக்கும். விநாடிக்கு 7.5 அங்குலம் ஓடும். உள்சுற்றிலிருந்து உருவி வெளிச்சுற்றில் சேர்வதால் நாடா தன்மேலேயே வழுக்க வேண்டும். அதற்காகப் பின்புறம் கிராஃபைட் பூசியிருப்பார்கள். ஒலித்தடத்துக்குப் பக்கத்தில் தனித்தடம் ஒன்றில், தொடக்கப் புள்ளியில் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்குறி பதிந்திருக்கும். வளையம் முழுதும் சுற்றி அந்தக் குறி வந்ததும் இயந்திரம் தானே நிற்கும். அடுத்த அழுத்தலுக்குத் தயார்.

தவறும் இடங்கள்:

1. பதிவுக்கு முன் அழிக்க மறப்பது. பல கார்ட் இயந்திரங்களில் அழிக்கும் முனையே (நாடாவைத் தொடும் காந்தத் தலை) கிடையாது. பெரிய காந்த அழிப்பானில் முழுப் பெட்டியையும் அழித்த பிறகே பதிய வேண்டும். இல்லாவிட்டால் பழைய ஒலிமேல் புதியது ஏறும். பழைய குறியும் மிஞ்சி நடுவே நிறுத்தும்.
2. நாடாவின் இரு நுனிகளை ஒட்டிய இடத்தில் ஜிங்கிள் தொடங்குவது. அங்கே ஒலி ஒரு கணம் விழும். ஒட்டிய இடத்தைத் தேடி, அது பதியும் முனையைத் தாண்டியபின் பதிய வேண்டும்.
3. அழுத்தத் திண்டு தேய்வது. நாடா முனையோடு நன்றாகப் படியாமல் மேல்சுருதி மங்கும்.
4. ஆறு விநாடி ஜிங்கிளை 70 விநாடிப் பெட்டியில் பதிவது. ஒலித்து முடிந்தபின் மிச்ச நாடா சுற்றி வரும்வரை அந்தக் கார்ட் பயன்படாது.

கப்பலேறிய டல்லாஸ்

பிரிட்டனில் அப்போது நிலத்திலிருந்து வணிக வானொலிக்கு அனுமதியில்லை. பிபிசியும் ஒப்பந்தப்படி குறிப்பிட்ட மணி நேரமே இசைத்தட்டு போடலாம். சட்ட எல்லைக்கு வெளியே கடலில் கப்பல்கள் நின்றன. 1964 டிசம்பரில் கேலக்ஸி என்ற கப்பலிலிருந்து 266 மீட்டர் அலைநீளத்தில் தொடங்கிய ரேடியோ லண்டன், டெக்சாஸ்காரரான டான் பியர்சனின் திட்டம். கேஎல்ஐஎஃப்பை மாதிரியாகக் கொண்டது. ஜிங்கிள்களும் பாம்ஸிடமிருந்தே வந்தன. கடல் வானொலிச் சட்டத்தால் 1967 ஆகஸ்ட் 14 அன்று நின்றது. செப்டம்பர் 30 அன்று பிபிசி ரேடியோ 1 தொடங்கியது. கப்பலிலிருந்து வந்த டோனி பிளாக்பர்னே முதல் அறிவிப்பாளர், ஜிங்கிளும் டல்லாஸ் பாம்ஸ். எந்த நிலையத்தை மூடச் சட்டம் வந்ததோ, அதன் ஒலியை நாட்டின் பொது ஒலிபரப்பு நிலையமே எடுத்துக்கொண்டது.

பாம்ஸில் பணியாற்றிய ஜான் வுல்ஃபர்ட், மனைவி மேரி லின்னோடு 1974-ல் டல்லாஸில் தொடங்கிய ஜாம் நிறுவனம், பின்னர் பாம்ஸ் உரிமையையும் பெற்றது. பழைய டிராக்கில் இன்று பாடிய குரல் கேட்பது அப்படித்தான். ஒரு ஜிங்கிளின் காலத்தை இசையை மட்டும் வைத்துக் கணிப்பது ஆபத்தானது. இசை 1960களுடையதாகவும், குரல் மிகப் பிந்தியதாகவும் இருக்கலாம்.

அறுந்த பாட்டும் ஏறிய சுருதியும்

மூன்றாவது குழப்பம் எளிது. அறிவிப்பாளரின் வேலையை மதிப்பிடவோ, வேறு வேலைக்கு மாதிரி அனுப்பவோ பதிவு எடுக்கும்போது, மைக் திறந்திருக்கும்போது மட்டும் நாடா ஓடும்படி அமைப்பார்கள். பாட்டின் நடுப்பகுதி விழுந்துவிடும். பேச்சும் ஜிங்கிளும் பாட்டின் விளிம்புகளும் மட்டும் மிஞ்சும். பின்னால் வெட்டி ஒட்டியும் சுருக்குவார்கள்.

சுருதிதான் கவனம் கேட்கும் விஷயம். சில நிலையங்கள் வேண்டுமென்றே தட்டை வேகமாக ஓட்டின. மோட்டார் தண்டில் மெல்லிய ஒட்டுநாடாவைச் சுற்றினால் தண்டு தடித்து, சுழல்தட்டு விரையும். 2 விழுக்காடு கூட்டினால் மூன்று நிமிடப் பாட்டில் மூன்றரை விநாடி மிச்சம். சுருதி அரைச்சுருதியில் மூன்றில் ஒரு பங்கு ஏறும். தனியாகக் கேட்டால் தெரியாது, ஆனால் அடுத்த நிலையத்துக்குத் திருப்பினால் அங்கே அதே பாட்டு மந்தமாகத் தோன்றும். ஆனால் ஏர்செக்கில் சுருதி ஏறியிருந்தாலே நிலையத்தின் செயல் என்று முடிவுகட்டக் கூடாது. பதிவுக்கருவியின் பிழையாகவும் இருக்கலாம். பிரித்தறிய ஒரு வரிசை:

1. மின்னோட்ட முனகலை, அதாவது வீட்டு மின்சாரத்தால் பதிவில் கலந்த தாழ்ந்த ரீங்காரத்தைத் தேடுங்கள். அலைப்பட மென்பொருளில் அமெரிக்கப் பதிவுக்கு 60, 120 ஹெர்ட்ஸ். பிரிட்டிஷ் பதிவுக்கு 50, 100. கோடு 61.2-ல் நின்றால் நாடா 2 விழுக்காடு வேகம். சரியாக 60-ல் ஒரு கோடும் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தால், சரியான கோடு டிஜிட்டலாக்கிய கருவியுடையதாக இருக்கலாம். விலகிய கோடே பழைய பதிவினுடையது.
2. முனகல் இல்லாவிட்டால் ஜிங்கிளைப் பிடியுங்கள். அதே டிராக்கின் சுத்தமான பிரதியோடு சுருதியை ஒப்பிடுங்கள். கார்ட் இயந்திரத்தின் மோட்டார் மின்சாரத்தின் அதிர்வெண்ணோடு பூட்டியது; தட்டைப்போல் அதன் வேகத்தை யாரும் கூட்டவில்லை. எனவே பாட்டைவிட ஜிங்கிள் நம்பகமான அளவுகோல்.
3. ஜிங்கிளும் பாட்டும் ஒரே அளவில் ஏறியிருந்தால் நாடாவின் பிழை; திருத்தலாம். ஜிங்கிள் சரியாக இருந்து பாட்டு மட்டும் ஏறியிருந்தால் நிலையம் தட்டை வேகமாக ஓட்டியிருக்கிறது, திருத்தக் கூடாது. அன்று நேயர் கேட்டது அதுதான்.
4. பதிவு போகப்போகச் சுருதி ஏறினால், பேட்டரியில் ஓடிய கருவியாக இருக்கலாம். பேட்டரி தளர்ந்தால் நாடா மெதுவாக ஓடிப் பதியும். சரியான வேகத்தில் போடும்போது ஒலி விரையும். ஒரே எண்ணால் திருத்த முடியாது. ஜிங்கிள் வரும் ஒவ்வொரு இடத்திலும் அளந்து, இடைப்பட்ட பகுதிகளைச் சாய்வாகத் திருத்த வேண்டும்.

இந்த அளவீட்டுக்கு முன் இன்னொன்றையும் சரிபார்க்க வேண்டும்: நாடாவைப் படிக்கும் முனையின் சாய்வு. அது பொருந்தாவிட்டால் மேல்சுருதி மங்கி, பாடகர் குழுவின் குரல்கள் ஒன்றோடொன்று குழைந்துவிடும். முனையைப் பதிவுக்கு ஏற்பத் திருகிச் சரிசெய்த பிறகே டிஜிட்டலாக்குங்கள். இரண்டு தடங்களில் ஏற்றிய ஒற்றைத்தடப் பதிவானால், சாய்வு சரியாகும் முன் இரண்டையும் கூட்டி ஒன்றாக்க வேண்டாம். அப்போது இழக்கும் ஒலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.